முதல் சொல்: அடியூவா, சிலேட்டா?

எங்கள் வீட்டு வாட்சப் குழுவில் காலை ஆறு மணிக்கெல்லாம் அம்மாவின் பச்சை, மஞ்சள் கட்டங்கள் வந்துவிடும். எல்லோரும் மும்பைதான்: அம்மா மாட்டுங்காவில் இருக்கிறாள், நான் செம்பூரில், தம்பி பவாயில். வேர்டில் என்கிற இணையச் சொல் விளையாட்டின் புதுச் சொல் அந்தந்த ஊர் நேரப்படி நள்ளிரவில் திறக்கிறது. நியூயார்க்காரர்கள் முந்தைய நாள் சொல்லோடு இருக்கும்போதே நமக்கு அடுத்த நாள் சொல் கிடைத்துவிடும். டிகாக்ஷன் இறங்குவதற்குள் அம்மா முடித்துவிடுவாள். நான் ஹார்பர் லைன் ரயிலில் போய்க்கொண்டே போடுவேன். செம்பூரில் ஏறினால் குர்லாவுக்குள் முதல் சொல், வடாலா வருவதற்குள் மூன்றாவது, சிவ்ரி தாண்டுவதற்குள் விடை. இதுதான் என் கணக்கு.

போன தீபாவளிக்கு எல்லோரும் மாட்டுங்காவில் கூடியிருந்தோம். பேச்சு சுற்றிச் சுற்றி முதல் சொல்லில் வந்து நின்றது. அம்மாவுக்கு அடியூ (ADIEU). தம்பிக்கு சேலெட் (SALET). எனக்கு ஸ்லேட் (SLATE). என் மகளுக்கு நிலையான சொல்லே கிடையாது, அன்றைக்கு வாயில் வருவதுதான்.

"எல்லாரும் ஒரே சொல்லுல ஆரம்பிச்சாதான் யார் நல்லா ஆடறாங்கன்னு தெரியும் பாட்டி" என்றாள் மகள்.

அது நியாயமாகப் பட்டது. எந்தச் சொல் என்று பார்த்துச் சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. இரண்டு மாதம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன், நோட்டில் எழுதி எண்ணியும் பார்த்தேன். இதே கேள்வி உங்கள் வீட்டிலும் ஓடிக்கொண்டிருக்கும் என்பதால் கண்டதை முழுதாகச் சொல்கிறேன்.

விளையாட்டு தெரியாதவர்களுக்கு இரண்டே வரி. ஐந்தெழுத்து ஆங்கிலச் சொல் ஒன்றை ஆறு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். நாம் போடும் சொல்லில் ஓர் எழுத்து சரியான இடத்தில் இருந்தால் பச்சை, விடையில் இருந்தும் இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லை என்றால் சாம்பல்.

தேர்வுக்கு முன்னால் விடைப் பட்டியல் எப்படிப்பட்டது என்று தெரிந்துகொள்வது முக்கியம். ஜோஷ் வார்டில் இந்த விளையாட்டைத் தன் துணைவி பாலக் ஷாவுக்காகச் செய்தார். ஐந்தெழுத்துச் சொற்கள் ஆங்கிலத்தில் சுமார் 12,000 இருக்க, அவற்றில் தெரிந்தது எது, தெரியாதது எது என்று உட்கார்ந்து பிரித்தவர் பாலக் ஷாதான். அப்படிச் சலித்து எடுத்ததில் 2,315 சொற்கள் விடைகளாக நின்றன. நாம் போட அப்போது அனுமதி இருந்த சொற்கள் 12,972. 2021 அக்டோபரில் எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள், 2022 ஜனவரியில் நியூயார்க் டைம்ஸ் வாங்கியது. அதற்கப்புறம் பட்டியலில் சில சொற்கள் போயின, சில வந்தன. ஆனாலும் குணம் மாறவில்லை. நாலு பேருக்குத் தெரிந்த சொல்தான் விடையாக வரும். சாதாரணமாக எஸ் சேர்த்து ஆக்கிய பன்மைச் சொல் விடையாக வருவது அபூர்வம். எழுத்துக்கூட்டல் அமெரிக்க முறை. இந்தக் கடைசி விஷயத்தில் நம் ஆட்கள் நிறைய பேர் அடி வாங்கினோம். 2022 ஜனவரியில் ஃபேவர், பிப்ரவரியில் ஹ்யூமர் விடையாக வந்தன. நமக்குப் பள்ளிக்கூடத்தில் இரண்டுமே யூ சேர்த்து ஆறெழுத்து. ஐந்தெழுத்துச் சொல்லாக அவை மனசிலேயே தட்டுப்படாது.

அம்மாவின் அடியூ

அம்மா சொல்லும் காரணம் ஒரே வரிதான். "உயிரெழுத்து தெரிஞ்சுட்டா மெய்யெழுத்து தானா வந்துடும்." தமிழ் இலக்கணம் படித்தவளுக்கு அது இயல்பான எண்ணம். அடியூவில் ஏ, ஐ, ஈ, யூ என்று நாலு உயிர் ஒரே அடியில் தெரிந்துவிடுகின்றன. உலகத்தில் அதிகம் பேர் போடும் முதல் சொல்லும் இதுதான்.

நன்மை இல்லாமல் இல்லை. விடை பியானோ என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் அடியூ, அடுத்து ஸ்டோரி போட்டால் ஏ, ஐ, ஓ மூன்றும் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். மூன்று உயிரும் இரண்டு மெய்யும் கொண்ட சொல், மிச்சமிருக்கும் மெய்களை வைத்துப் பார்த்தால் பியானோவை விட்டால் மனசுக்கு எட்டுகிற சொல் வேறில்லை. அம்மா இப்படி மூன்றில் முடிக்கிற நாட்களில் குழுவில் முதல் ஆளாகக் கட்டங்கள் வந்து விழும்.

ஆனால் மூன்று உயிர் கொண்ட சொற்கள் பட்டியலில் குறைவு. பெரும்பாலானவற்றில் இரண்டுதான், சிலவற்றில் ஒன்றே ஒன்று. அங்கேதான் அம்மாவின் வரி தலைகீழாகிறது. ஆங்கிலத்தில் மெய் தெரிந்தால் உயிரை ஊகிக்கலாம், உயிர் தெரிந்து மெய்யைப் பிடிப்பதுதான் கஷ்டம். செல்போனில் எழுத்துக்குக் காசு கொடுத்து எஸ்எம்எஸ் அனுப்பிய காலத்தை நினைத்துப் பாருங்கள். பிளீஸ் என்பதற்கு பி, எல், எஸ் மட்டும் போடுவோம், எல்லோருக்கும் புரிந்தது. அதே சொல்லில் உயிர்களை மட்டும் வைத்து ஈ, ஏ, ஈ என்று அனுப்பியிருந்தால் யாருக்குப் புரிந்திருக்கும்?

இதை ஒரு நாள் அம்மாவோடு உட்கார்ந்து, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினேன். விடை பிளாக், அடுக்குமாடிக் கட்டடத்தைச் சொல்கிற பிளாக். அடியூ போட்டால் ஐந்தும் சாம்பல். அடுத்து ஸ்டோரி. நடுவில் ஓ பச்சை, மற்ற நாலும் சாம்பல். இரண்டு வாய்ப்பு போய்விட்டது. இப்போது என்னென்ன மிச்சம் என்று எழுதினோம். பிளாக், கிளாக், ஃபிளாக், கதவைத் தட்டுகிற நாக், கிளவுன், ஃபிளோன், பிளோன், நோன், புளூம், குளூம், சோம்ப், நோல். எழுத எழுத வந்துகொண்டே இருந்தது. தாள் நிறைந்துவிட்டது.

அதே விடைக்கு முதலில் ஸ்லேட், அடுத்து குரோனி (CRONY). ஸ்லேட்டில் எல் இரண்டாம் இடத்தில் பச்சை. குரோனியில் ஓ பச்சை, சி மஞ்சள். சி முதல் இடத்தில் இல்லை என்று தெரிந்ததால் கிளாக் விழுந்துவிட்டது. மிஞ்சியது இரண்டே சொல், பிளாக், அப்புறம் ஆட்டுமந்தையைக் குறிக்கிற ஃபிளாக். அம்மா கண்ணாடியைக் கழற்றித் தாளை மறுபடி ஒருமுறை பார்த்தாள். "சரி, ரெண்டுன்னா ரெண்டுதான்" என்றாள்.

எண்களை எடுத்து வைத்தால் காரணம் தெளிவாகும். பழைய 2,315 சொற்களில் ஈ எழுத்து ஆயிரத்துக்கும் அதிகமானவற்றில் இருக்கிறது, ஏ சுமார் 900 சொற்களில். இந்த இரண்டு பெரிய எழுத்தும் அடியூவிலும் இருக்கின்றன, ஸ்லேட்டிலும் இருக்கின்றன. ஆக, போட்டி மிச்சமுள்ள மூன்று எழுத்துகளுக்குள்தான். ஸ்லேட்டில் எஸ், எல், டி மூன்றுமே தலைக்கு 600 சொற்களுக்கு மேல் வருகின்றன. அடியூவில் ஐ மட்டும் அவற்றுக்கு ஈடு. யூ 450-ஐ ஒட்டி, அதிலுள்ள ஒரே மெய் அதைவிடவும் குறைவு. யூ நிற்கும் இடமும் கடைசி. யூவில் முடியும் சொல் பட்டியலில் மிக அரிது, ஆகவே அந்தக் கட்டம் பச்சையாக வாய்ப்பே இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

எழுத்து மட்டும் போதாது, இடமும் வேண்டும்

ஸ்லேட்டில் உள்ள அதே ஐந்து எழுத்தை மாற்றிப் போட்டால் ஸ்டேல், லீஸ்ட், ஸ்டீல் (திருடுவது), டேல்ஸ் என்று பல சொற்கள் வரும். எழுத்து ஒன்றுதான், பலன் ஒன்றல்ல. பழைய பட்டியலில் எஸ்ஸில் தொடங்கும் சொற்கள் 366. வேறெந்த எழுத்துக்கும் அத்தனை இல்லை. ஈயில் முடிபவை 424, அதுவும் முதலிடம். ஸ்லேட்டில் எஸ் தலையிலும் ஈ வாலிலும் சரியாக நிற்கின்றன. டேல்ஸில் எஸ் வாலுக்குப் போய்விடுகிறது, பன்மை விடையாக வராத விளையாட்டில் அந்த இடம் ஏறக்குறைய வீண்.

ஸ்கிராபிள் ஆடியவர்களுக்கு எஸ்ஸின் இந்தக் குணம் பழக்கமானது. ஆல்ஃபிரட் பட்ஸ் 1930களில் அந்த விளையாட்டை உருவாக்கும்போது செய்தித்தாள்களை வைத்து எழுத்துகளை எண்ணினார், அதில் நியூயார்க் டைம்ஸும் ஒன்று. ஈ எழுத்துக்கு 12 வில்லை கொடுத்தவர் எஸ்ஸுக்கு நாலே நாலுதான் கொடுத்தார். எஸ் அதிகம் இருந்தால் கண்ட சொல்லுக்கெல்லாம் பின்னால் ஒட்டிப் பன்மையாக்கிவிடுவார்கள் என்பது அவர் கணக்கு. வேர்டிலில் அந்த வேலையைப் பட்டியலே பார்த்துக்கொள்கிறது.

கிரேன், டிரேஸ், கிரேட் (பெட்டி) மூன்றும் இதே குடும்பம். நான் ஸ்லேட்டைப் பிடித்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. அது நம் வீட்டுச் சொல். அம்மாவுக்கு "நீ முதல்ல எழுதின சிலேட்டுதான்" என்று சொன்னால் போதும், மறக்கவே மறக்காது.

நடுவில் மகள் ஒரு யோசனை சொன்னாள், தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல்லிலேயே ஆரம்பிக்கலாமே என்று. ஐந்தெழுத்தில் இருக்கின்றன. கறியிலிருந்து போன கரி, மாங்காய் வழி வந்த மேங்கோ, வெற்றிலை வழி வந்த பீட்டல். எனக்கு மிகவும் பிடித்த யோசனை அது. ஆனால் கரியில் ஆர் இரண்டு தடவை, பீட்டலில் ஈ இரண்டு தடவை. முதல் சொல்லிலேயே ஓர் எழுத்து இரட்டித்தால் ஒரு கட்டத்தை இழந்த மாதிரி. மேங்கோவில் ஐந்தும் வேறு வேறு, ஏ, என், ஓ மூன்றும் நல்ல எழுத்துகள். மற்ற இரண்டும் பலவீனம். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்ளலாம்.

தம்பியின் சேலெட்

தம்பி கணினித் துறையில் இருப்பவன், கணக்கு இல்லாமல் எதையும் ஒப்புக்கொள்ளமாட்டான். சேலெட் என்பது 15-ஆம் நூற்றாண்டு ஐரோப்பியப் போர்வீரர்களின் தலைக்கவசம். விடைப் பட்டியலில் இல்லாத சொல், போட மட்டும் அனுமதி உண்டு. 2022-இல் அமெரிக்காவின் எம்ஐடியைச் சேர்ந்த டிமிட்ரிஸ் பெர்ட்சிமாஸும் அலெக்ஸ் பாஸ்கோவும் எல்லா வழிகளையும் கணினியில் ஓட்டிப் பார்த்து, சேலெட்டில் தொடங்கிப் பிழையே இல்லாமல் ஆடினால் சராசரி 3.42 வாய்ப்பில் முடியும் என்று நிறுவினார்கள். அதற்கு முன்னால் கணித வீடியோக்கள் செய்யும் கிராண்ட் சாண்டர்சன் முதலில் கிரேன் என்று சொல்லி, தன் நிரலில் சிறு பிழை இருந்ததைக் கண்டு தானே திருத்தி, அடுத்த வீடியோவில் சேலெட்டுக்கு வந்தார். நம் ஆட்டத்தை அலசிச் சொல்லும் நியூயார்க் டைம்ஸின் சொந்த நிரல் வேர்டில்பாட்கூட கிரேனில் தொடங்கிப் பிறகு ஸ்லேட்டுக்கு மாறியது.

"பார்த்தியா அக்கா, சேலெட்தான் ஃபர்ஸ்ட்" என்பான் தம்பி. முதலிடம்தான், மறுக்கவில்லை. ஆனால் எவ்வளவு வித்தியாசத்தில்? சேலெட், டிரேஸ், ஸ்லேட், கிரேன் எல்லாம் பிழையற்ற ஆட்டத்தில் ஒன்றுக்கொன்று தசமத்துக்குப் பின் மூன்றாம் இடத்தில்தான் வேறுபடுகின்றன. வருஷம் முழுக்க ஆடினாலும் மொத்தத்தில் ஒன்று இரண்டு வாய்ப்புக்கு மேல் மிச்சமாகாது. அதுவும் கணினி ஆடினால். இரண்டாவது சொல்லை நாம் நம் புத்தியிலிருந்து எடுக்கிற நிமிஷமே அந்த வித்தியாசம் காணாமல் போய்விடுகிறது.

எந்த அளவுகோலை எடுக்கிறோம் என்பதும் விடையை மாற்றும். ரெய்ஸ் (RAISE) போட்டால் சராசரியாக 61 சொற்கள் மிஞ்சும், ஸ்லேட் போட்டால் 70-ஐ ஒட்டி. அப்படிப் பார்த்தால் ரெய்ஸ்தான் மேல். ஆனால் ஸ்லேட் அந்த 2,315 சொற்களைச் சுமார் 147 வகை வண்ணக் கோலங்களாகப் பிரிக்கிறது, ரெய்ஸ் 132-ஆக. கூடை அதிகமானால் ஒவ்வொரு கூடையிலும் குழப்பம் குறையும். அதனால்தான் ஆட்டத்தின் கடைசியில் ஸ்லேட் ஒரு மயிரிழை முன்னால் நிற்கிறது.

தம்பி ஆடுவது ஹார்ட் மோடில். கிடைத்த எழுத்தை அடுத்தடுத்த சொல்லில் கட்டாயம் பயன்படுத்த வேண்டும் என்பது விதி. இருநூறு நாளுக்கு மேல் தோற்காமல் ஓடிக்கொண்டிருந்த அவன் வரிசை ஒரு நாள் இப்படி அறுந்தது. சேலெட் போட்டதும் ஏ இரண்டாம் இடத்தில் பச்சை, டி மஞ்சள். உடனே ஒட்டுப்போடுகிற பேட்ச் போட்டான். முதல் எழுத்து மட்டும் சாம்பல், பின்னால் நாலும் பச்சை. அப்புறம் மேட்ச், கும்பலைச் சொல்கிற பேட்ச், ஹேட்ச், கேட்ச். ஆறும் முடிந்தது. விடை வாட்ச். ஒரே அச்சில் வார்த்த இந்தச் சொற்களிடையே ஹார்ட் மோடில் மாட்டிக்கொண்டால், எந்த முதல் சொல் போட்டிருந்தாலும் பாதி அதிர்ஷ்டம்தான். லைட், நைட், ரைட், ஃபைட், டைட் வரிசையும் இப்படித்தான். அன்று மத்தியானம் அவன் சாப்பிடக்கூட இல்லை என்று அவன் மனைவி போன் பண்ணிச் சொன்னாள்.

ஸ்லேட், குரோனி, ஹ்யூமிட்

எனக்கு இந்த இரண்டு மாதத்தில் பிடிபட்டது இதுதான். முதல் சொல் எது என்பதைவிட, அதற்குப் பின்னால் என்ன சொல் கைவசம் இருக்கிறது என்பதே ஆட்டத்தை முடிக்கிறது. ஸ்லேட், குரோனி, ஹ்யூமிட் (HUMID) மூன்றிலும் சேர்த்து 15 எழுத்துகள், ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. ஐந்து உயிரும் வந்துவிட்டன, ஒய்யும் வந்துவிட்டது. அடியூ, ஸ்டோரி ஜோடியில் இது முடியாது. அந்த இரண்டிலேயே எல்லா உயிரும் ஒய்யும் தீர்ந்துபோவதால், புது எழுத்துகளை மட்டும் வைத்து மூன்றாவது சொல் கட்டவே வழியில்லை. இது எனக்குத் தெரிந்தபோது ரயிலில் எழுந்து நின்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது.

தம்பி தோற்ற வாட்ச்சையே இந்த மூன்றையும் வைத்து, சாதாரண மோடில், திரும்பப் போட்டுப் பார்த்தேன். ஸ்லேட், குரோனி முடிந்ததும் ஏ, டி, சி மூன்றும் மஞ்சள். மிஞ்சுபவை இரண்டு பேட்ச், ஹேட்ச், மேட்ச், வாட்ச், கூடவே டேசிட், ஆட்டிக். ஏழு சொற்கள். ஹ்யூமிட் போட்டால் ஹெச் மட்டும் மஞ்சளாக வரும், மற்றவை சாம்பல். ஆக, மேட்ச், ஹேட்ச், டேசிட், ஆட்டிக் நாலும் கழிந்துவிடும். மிச்சம் மூன்று சொல், கையில் மூன்று வாய்ப்பு. தோற்க வழியே இல்லை.

இதற்கு விலையும் உண்டு. மூன்று சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள் மூன்றில் முடிக்கவே முடியாது, நாலு, ஐந்துதான் வரும். விடைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒன்றில் ஏதாவது எழுத்து இரட்டிக்கிறது என்பதையும் இந்த முறை கண்டுகொள்ளாது. அதனால் நான் வைத்திருக்கும் வழக்கம் இது. ஸ்லேட்டில் எதுவும் வரவில்லை அல்லது ஒன்றே ஒன்று மஞ்சள் என்றால் உடனே குரோனி. இரண்டு வந்தால் குர்லா வரைக்கும் யோசிப்பேன், நல்ல சொல் தட்டுப்படாவிட்டால் குரோனி. மூன்று வந்துவிட்டால் குரோனி பக்கமே போகக்கூடாது, கையிலிருப்பதை வைத்துத்தான் தேட வேண்டும். ஹ்யூமிட்டை எடுப்பது ஒரே அச்சுச் சொற்கள் வரிசைகட்டி நிற்கும்போது மட்டும்.

ஏ, டி, சி உள்ள ஐந்தெழுத்துச் சொற்கள் என்று தேடினால் வந்து விழும் பட்டியல்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் ஆட்டம் முடிவதற்குள் அதைத் தொடுவதில்லை. முடிந்த பிறகு பார்ப்பதற்கு அதைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. அம்மா தன் விடைக்குப் பக்கத்தில் வேறு என்னென்ன இருந்திருக்கலாம் என்று பார்த்துக் காலண்டர் தாளில் எழுதிக்கொள்கிறாள். எழுபத்து மூன்று வயதில் அவள் இந்த வருஷம் கற்ற சொற்கள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டது, ரப்பர் பேண்ட் போட்டு ஃபிரிட்ஜ் மேல் வைத்திருக்கிறாள்.

தை பிறந்ததும் குழுவில் முடிவைச் சொன்னேன். எல்லோருக்கும் முதல் சொல் ஸ்லேட். தோற்காமல் ஓடுவது முக்கியம் என்கிற அம்மாவுக்கு அடுத்ததாகக் குரோனி. சராசரி முக்கியம் என்கிற தம்பிக்கு இரண்டாவது சொல் அவன் இஷ்டம், ஆனால் ஹார்ட் மோடை விட வேண்டும். அவன் இரண்டு நாள் பதிலே போடவில்லை, மூன்றாம் நாள் விட்டுவிட்டான். மகளுக்கு மட்டும் வெள்ளிக்கிழமை விலக்கு, அன்றைக்கு வாயில் வருவதைப் போடலாம். அம்மா கேட்டது ஒன்றே ஒன்று.

"ஞாயித்துக்கிழமை மட்டும் அடியூ போட்டுக்கறேனே?"

மேங்கோவுக்கு வைத்திருந்த ஞாயிற்றுக்கிழமையை அவளுக்கே கொடுத்துவிட்டேன்.